முத்தட்டு வழக்கு

வூஸ்டர் நகரின் தென்கிழக்கே, கம்பியாலைகளின் புகைக்கூண்டுகளையும் இருப்புப்பாதைகளையும் காலடியில் விட்டுத் தான்மட்டும் தலைநிமிர்ந்து நிற்கும் வெர்னன் குன்றின்மேல், பழைய பனி முழுதும் கரையாமலும் மண் முழுதும் தெரியாமலும் சேறும் சாம்பலுமாய்க் கிடந்த மார்ச்சுத் திங்களின் ஒரு காலைப்பொழுதில், ஆலைச் சங்கு நீள ஊதி ஓய்ந்தது. ஓய்ந்த அளவில், சரிவெங்கும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்ற மரவீடுகளின் கீழ்த்தட்டில் ஒரு விளக்கும் நடுத்தட்டில் ஒரு விளக்கும் மேல்தட்டில் ஒரு விளக்குமாக மும்மூன்றாய் ஒளி எழுந்தது. மும்மூன்று அடுப்புகள் மூண்டன. மும்மூன்று பின்தாழ்வாரங்களின் கதவுகள் திறந்து, உருளையில் ஓடும் துணிக்கொடிகள் கீச்சிட, நேற்று உலராத சட்டை இன்றாவது உலருமோ என்று பார்க்க மும்மூன்று பெண்கள் கைநீட்டினர். கீழ்த்தட்டார் இருமினால் நடுத்தட்டார்க்குக் கேட்கும். நடுத்தட்டார் வேகவைக்கும் முட்டைக்கோசின் மணம் மேல்தட்டாரின் படுக்கைவரை போகும். மேல்தட்டார் நாற்காலியை நகர்த்தினால் கீழே இரண்டு குடும்பங்களிலும் விளக்கு ஆடும். ஆயினும் அக்குன்றத்தார் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை.

இவ்வாறு ஒரே கூரையின்கீழ் மூன்று குடும்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமர்ந்திருக்கும் வீட்டுக்கு அக்குன்றத்தார் இட்டு வழங்கும் பெயரை நம் தமிழில் முத்தட்டு என்று சொல்லிவிடலாம். அக்குன்றில் நெடுநாள் வாழ்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அங்கே 'எந்த முத்தட்டில் இருக்கிறாய்' என்று கேட்பாரே அன்றி, 'எந்த வீட்டில்' என்று கேட்பார் ஒருவரும் இல்லை. முத்தட்டு என்றால் வீடு; வீடு என்றால் முத்தட்டு. அறிவுசான்ற வாசகரே, ஊரார் பேசும் பேச்சையும் மன்றத்தார் தீர்க்கும் பூசலையும் வழக்கு என்னும் ஒரே சொல்லால் நம் முன்னோர் குறித்தது ஏன் என்று நான் பலகாலும் வியந்ததுண்டு. மோர்த்தா கிரிகாஸ் என்பவளுக்கு நேர்ந்ததை அறிந்தபின் அவ்வியப்பு போய்விட்டது. எரிச்சல் ஒன்றே எஞ்சியிருக்கிறது.

மோர்த்தா நாற்பத்தொரு அகவையினள். பெண்டிர் அணியும் இடைக்கச்சு தைக்கும் ஆலையில் இருபத்தேழு ஆண்டாய் ஊசி ஓட்டி விரல் தடித்தவள். மணம் செய்துகொள்ளாமல் நடுத்தட்டில் வாழ்ந்துவந்தவள். லித்துவேனிய நாட்டிலிருந்து இளமையிலேயே கப்பலேறி வந்து, கம்பியாலையில் கை காய்க்க உழைத்து, அந்த முத்தட்டை வாங்கி, மேலும் கீழும் குடிவைத்து நடுவே தான் வாழ்ந்த மோத்தியூஸ் கிரிகாஸ் அவளுடைய தந்தை. ஆறு ஆண்டுக்கு முன் ஒருநாள் வலப்பக்கம் முழுதும் செயலற்று, பேச்சிலும் பத்திருபது சொல்லே எஞ்சி, அவர் கட்டிலில் விழுந்தார். விழுந்தவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, ஞாயிறுதோறும் முதுகில் சுமந்து பதினேழு படி இறக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோய், திரும்பவும் பதினேழு படி ஏற்றியவள் மோர்த்தா ஒருத்தியே. சென்ற பனிக்காலத்தின் நடுவில் அவர் கண்மூடினார்.

மூடுமுன், எழுத வராத இடக்கையால், ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய, அவர் எழுதிவைத்த இறுதி ஆவணம் இரண்டே வரி. 'என் முத்தட்டு மோர்த்தாவுக்கு. மற்றவை யாவும் காசிஸுக்கு.' கீழே அவர் ஒப்பமும் சான்றாளர் மூவரின் ஒப்பமும் இருந்தன. குன்றத்தார் எவரிடம் காட்டினாலும், வீடு மகளுக்கு, தட்டுமுட்டுப் பொருள்கள் மகனுக்கு என்று படித்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போயிருப்பர்.

ஆனால் காசிஸ் அவ்வாறு படிக்கவில்லை. மோர்த்தாவுக்கு ஐந்து ஆண்டு இளையவனாகிய அவன், குன்றிறங்கி நகரின் மேற்குப்புறத்தில் புல்தரை சூழ்ந்த ஒற்றைக்குடி வீடொன்றுக்குப் போனவன். அங்கே காசிஸ் கிரிகாஸ் என்ற பெயரைத் தேய்த்துக் கேசி கிரிக்ஸ் என்று ஆக்கிக்கொண்டவன். வீடுகளைச் சூடேற்றும் பெருங்கலன்களை விற்பது அவன் தொழில். நாடெங்கும் தொழில் முடங்கிக் கிடந்த அந்த ஆண்டுகளிலோ வாங்குவார் எவருமில்லை. இருந்த வீடும் கைவிட்டுப் போகும் நிலையில், தந்தையின் ஆவணத்தை ஒரு வழக்குரைஞரிடம் அவன் கொண்டுபோய் நீட்ட, அவர் முதல் வரியை இருமுறை படித்துவிட்டு, "உங்க அப்பாகிட்ட மூணு தட்டுள்ள வேற ஏதாவது பொருள் இருந்ததா?" என்று கேட்டாராம். இருந்தது.

நடுத்தட்டு அடுக்களையின் சாளரத்துக்கு மேலே ஒரு பலகையில், ஒன்றரை முழ நீளத்தில், மென்மரத்தில் செதுக்கிய போர்க்கப்பல் ஒன்று இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாய் அதற்கு மூன்று தட்டுகள். தட்டுக்குப் பத்தாகத் தீக்குச்சி நறுக்கிச் செருகிய பீரங்கிச் சுடுகுழல்கள். மோத்தியூஸ் பல ஆண்டுக்கு முன் செதுக்கியது. மோர்த்தாவுக்கு அது தூசு சேரும் ஒரு பண்டம். திறவுகோல்களை மாட்ட அதன் பாய்மரம் வாய்ப்பாக இருந்தது, அவ்வளவே. அந்தக் கப்பலே முத்தட்டு, ஆகவே கப்பலே அக்காளுக்கு, எஞ்சிய 'மற்றவை யாவும்' என்பதனுள் வீடும் அடங்கித் தனக்கு என்று காசிஸ் வழக்குத் தொடுத்தான். செய்தி கேட்டபோது அவள் முதலில் சிரித்தாள். மன்றத்தின் முத்திரையிட்ட தாள் வந்தபின் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று காலை அவள் கறுப்புத் தொப்பியணிந்து, கப்பலைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு படியிறங்குகையில், மேல்தட்டிலிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்தாள் டீலியா ஹான்ராட்டி. முப்பது ஆண்டாய் அங்குக் குடியிருக்கும் அயர்லாந்துக்காரி. ஆவணத்தில் சான்றொப்பமிட்ட மூவருள் ஒருத்தி. வாயால் ஒரு தெருவையே கூட்டிப் பெருக்கக்கூடியவள்.

"ஏடி மோர்த்தா, தொப்பிய நேரா வையி. எழவு வீட்டுக்குப் போறவ மாதிரி போகாத. சண்டைக்குப் போறவ மாதிரி வா."

"சண்டை போட என்னக்கா இருக்கு? முத்தட்டுன்னா வீடுன்னு சொல்றதுக்கு ஒரு நாள் வேலைய விட்டுட்டுப் போறேன். பால் வெள்ளையா இருக்குன்னு சொல்றதுக்கும் நாளைக்குக் கூப்பிடுவாங்களோ?"

"உன் தம்பி கறுப்புன்னு கேஸ் போட்டா கூப்பிடத்தான் செய்வாங்க. அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும். கேசியாம் கேசி! மூக்கு ஒழுக இந்தப் படியில உக்காந்து என்கிட்ட ரொட்டி கேட்ட பய."

வழக்குமன்றம் நகரின் நடுவே வெண்கல் தூண்களோடு நின்றது. உள்ளே சூட்டுக்குழாய்கள் சீறிக்கொண்டிருக்க, உயர்ந்த மேடையில் அமர்ந்திருந்த நடுவர், கடலோரத் தலைநகரிலிருந்து அத்தவணைக்கென்று வந்தவர். முகத்தில் கடுமையில்லை, அடிவயிற்றுவலிக்காரரைப்போல ஒரு பொறுமைமட்டும் இருந்தது. காசிஸின் வழக்குரைஞர் தேயர் என்பவர் எழுந்து, பெருநூல் ஒன்றை இருகையாலும் அணைத்துக் கொண்டுவந்து மேசைமேல் இறக்கினார். அது நாட்டிலேயே பெரிய அகரமுதலி என்றார். மோர்த்தா அதுவரை அவ்வளவு பெரிய நூலை மறைநூலாகத்தான் கண்டிருந்தாள்; ஆகையால் அதன்மேல் அவளுக்கு முதலில் ஒரு மதிப்பே தோன்றிற்று.

தேயர் விரலை எச்சில்படுத்திப் பக்கம் புரட்டிப் படித்தார். முத்தட்டு: ஒன்று, மூன்று தட்டுகளில் சுடுகுழல் பூட்டிய போர்க்கப்பல். இரண்டு, மூன்று நிலைகளாய் உயர்ந்த கோயிற் சொற்பொழிவு மேடை. மூன்று, மூன்று பகுதியாய் வெளியிடப்படும் நெடுங்கதை. நான்கு, ரொட்டித் துண்டு மூன்றை இடையீடு வைத்து அடுக்கிய தின்பண்டம். படித்து முடித்து நூலை மூடினார்.

"ஐயா, இதுல வீடுன்னு ஒரு பொருளே இல்ல. முதல் பொருளே கப்பல்தான். அந்தக் கப்பல் இதோ, இந்த அம்மா மடியிலயே இருக்கு."

"மூணு துண்டு ரொட்டிக்கு அதுல எடம் இருக்கு, மூணு குடும்பத்துக்கு எடமில்லையா?" என்று பின்வரிசையிலிருந்து டீலியா குரல் எழுப்பினாள். அவளை உட்காரச் சொன்னார்கள். அவள் முறை வந்தபோது எழுந்துவந்து அதையே இன்னும் உரக்கச் சொன்னாள்.

நடுவர் அவளை அமைதியாகக் கேட்டார். "அம்மா, எங்க ஊர்லயும் இந்த மாதிரி வீடு நெறைய இருக்கு. நாங்க மும்மாடின்னு சொல்லுவோம். முத்தட்டுன்னு வீட்டச் சொல்லி நான் கேட்டதே இல்லையே."

"அது உங்க ஊர்ப் பேச்சுங்க. இங்க வந்து மும்மாடின்னு சொன்னா தெருவே சிரிக்கும்."

"சிரிக்கிறதச் சான்றா எழுதிக்க முடியாதும்மா. இறந்தவர் கையெழுத்துப் போடும்போது, வீட்டச் சொல்றேன்னு உங்ககிட்டச் சொன்னாரா?"

ஆமென்று சொல்லவே டீலியாவுக்கு ஆசை; ஆனால் மறைநூல்மேல் கைவைத்து வந்தவள் அவள். "சொல்லலீங்க. சொல்லணும்னு யாரு நெனச்சா? அவரு அப்படிச் சுத்திவளைச்சுச் சொல்லியிருந்தா, மனுசனுக்குப் புத்தியும் போயிருச்சுன்னு நெனச்சிருப்பேன்."

அதன்பின் மோர்த்தா நின்றாள். வழக்குரைஞரை வைத்துக்கொள்ளாமல் தானே பேச வந்திருந்தாள். வெயில் அடிக்கிறதென்று சொல்ல ஆள் எதற்கு என்று எண்ணியதன் விளைவு அது. முந்தின ஏழு இரவும் எண்ணி எண்ணித் தேர்ந்து வைத்திருந்த சான்றொன்று அவளிடம் இருந்தது. அதை எடுத்து வைத்தால் வழக்கு அந்நொடியே முடிந்துவிடும் என்று நம்பியிருந்தாள்.

அது இதுதான். ஊரிலிருந்து வந்த மோத்தியூஸுக்கு ஆங்கிலம் கற்பித்தது பள்ளியன்று, குன்று. அங்கே வீடெல்லாம் முத்தட்டாக இருக்கக் கண்டு, வீடு என்பதற்கே ஆங்கிலத்தில் அதுதான் சொல் என்று அவர் கொண்டுவிட்டார். கொண்டதைச் சாகும்வரை விடவுமில்லை. பங்குக்குருவின் மாடியில்லாச் சிறுவீட்டை 'ஒரு தட்டு முத்தட்டு' என்பார். நாட்டின் தலைவர் வாழும் மாளிகை 'வெள்ளை முத்தட்டு'. கொல்லை மரத்தில் பறவைகளுக்கென்று ஆணியடித்த பெட்டியும் முத்தட்டே. குன்றத்துக் குடியேறிகளுள் இப்பிழையைச் செய்தவர் அவர் ஒருவரல்லர். எனினும் அவரைப்போல் மனநிறைவோடு செய்தவர் எவருமில்லை. மோர்த்தா இதனைச் சொல்லச் சொல்ல மன்றம் சிரித்தது, நடுவரும் வாய்க்கோணத்தில் சிரித்தார், அவளும் தந்தையின் நினைவால் கண்பனிக்கச் சிரித்தாள். "அவருக்கு வேற வார்த்தையே தெரியாதுங்க ஐயா. வீட்ட எழுதணும்னா முத்தட்டுன்னுதான் எழுதுவாரு."

தேயர் எழுந்தார். "பறவைப் பெட்டிக்குக்கூட முத்தட்டுன்னு பேரா?"

"ஆமா."

"ஒரு தட்டு இருக்கறதும் முத்தட்டு, தட்டே இல்லாததும் முத்தட்டு. அப்ப மூணு தட்டு உள்ள கப்பல மட்டும் முத்தட்டுன்னு சொல்லியிருக்க மாட்டாரா?"

"கப்பலச் சொன்னதே இல்ல. அந்தக் கப்பலப் பத்தி எங்க வீட்ல யாரும் பேசினதே இல்ல."

"கேட்டது இல்லன்னு சொல்லுங்கம்மா. பேசினது இல்லன்னு எப்படிச் சொல்வீங்க?"

தன் கையால் கட்டிய வேலி தன்மேலேயே சாய்ந்ததுபோல் அவள் திகைத்து நின்றாள்.  ஊர் முழுதும் நாளெல்லாம் சொல்லும் ஒரு சொல். பால்காரனும் அஞ்சல்காரனும் தீயணைப்பாரும் சொல்லும் சொல். அதற்குப் பொருள் இதுவென்று மெய்ப்பிக்க இவ்வுலகில் ஒரு துண்டுத் தாளும் அவளிடம் இல்லை! எவரும் ஐயுறாத ஒன்றை எவர் எழுதிவைப்பர்? சொல் தொகுத்த பெரியோர் கடலில் போன கப்பலை எண்ணினர், கோயில் மேடையை எண்ணினர், தின்னும் ரொட்டியையும் எண்ணினர். இலட்சம்பேர் படுத்துறங்கும் வீட்டை எண்ண அவர்களுக்குக் குன்றேறி வரக் கால் எழவில்லை. எனக்கு இன்றும் இதை எழுதும்போது கை பரபரக்கிறது. அவளுக்கோ அந்நூலை எடுத்துத் தேயரின் தலையில் போடவேண்டும்போல் இருந்தது.

போடவில்லை. மாறாக, காசிஸ் சான்றுக்கூண்டில் ஏறியதும், தம்பியைத் தானே வினவ இசைவு கேட்டாள். அவன் நல்ல துணியில் உடுத்து, மேற்குப்புறத்துச் சிகை திருத்தலோடு நின்றான். வீடென்றும் முத்தட்டென்றும் வாய்தவறியும் சொல்லலாகாது என்று அவனுக்குக் கற்பித்திருந்தார்கள் போலும். அவன் அவளைப் பாராமல் அவள் தோளுக்கு மேலே பார்த்தான்.

"காசிஸ், நாம எங்க வளந்தோம்?"

"வெர்னன் குன்றுலக்கா."

"குன்றுல எங்க? மரத்துலயா?"

"ஒரு கட்டடத்துல."

"அந்தக் கட்டடத்துக்குப் பேரு இல்லையா?"

"கட்டடந்தான்."

"நீ பள்ளிக்கூடம் விட்டு எங்க ஓடி வருவ?"

"கட்டடத்துக்கு."

மன்றத்தில் சிலர் நகைத்தனர். மோர்த்தாவின் காது சிவந்தது. "அம்மா எங்கடா செத்தா?"

அவன் விழி அவள் முகத்துக்கு வந்து, உடனே கீழே விழுந்தது. "கட்டடத்துல," என்றான், பாதிக்குரலில்.

"அம்மா கட்டடத்துல செத்தாளா? சொல்றதுக்கு வெக்கமா இல்ல? உன்ன மடியில வச்சுக்கிட்டு..."

"அம்மணி, போதும்," என்று நடுவர் இடைமறித்தார். அவள் உட்கார்ந்தாள், கைவிரல்கள் போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தன. கேட்கக் கூடாததைக் கேட்டும், கேட்டதால் பயனேதும் விளையவில்லை என்ற சலிப்பு அவளை அழுத்தியது. கூண்டில் நின்றவனும் வெளுத்துப்போயிருந்தான்.

நடுவர், தம்முன் இருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டே, இருவர் நெஞ்சும் ஆறட்டும் என்பதுபோல் எளியதொரு கேள்வியைக் கேட்டார். "கிரிக்ஸ், இந்தக் கப்பல உங்க அப்பா வழக்கமா எங்க வச்சிருந்தாரு?"

கடினமான கேள்வி போய் இலேசான கேள்வி வந்த ஆறுதலில் காசிஸ் நீளமாக மூச்சுவிட்டான். "முத்தட்டுலதாங்க, நடுத்தட்டுச் சமையக்கட்டுல, சன்னலுக்கு மேல."

நடுவரின் எழுதுகோல் நின்றது. தேயர் கண்ணை மூடிக்கொண்டார். "எங்கேன்னு சொன்னீங்க?" என்று நடுவர் மீண்டும் கேட்டார், காசிஸ் அப்போதுதான் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டான். கப்பல் இருந்த இடம் முத்தட்டு என்றால் முத்தட்டு கப்பலாக இருத்தல் இயலாது. அதற்கு அகரமுதலி எதுவும் வேண்டியதில்லை. பின்வரிசையில் டீலியா தன் கைப்பையை மடிமேல் ஓங்கி அறைந்துகொண்டாள்.

பத்துநாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. முத்தட்டு என்னும் சொல்லுக்கு அவ்வூர்க் குடிமக்களிடையே வீடு என்னும் பொருள் வழங்குவது மன்றத்துக்குப் புலனாயிற்று என்றும், அவ்வீடு மோர்த்தா கிரிகாஸுக்கே உரியது என்றும், மேற்படி மரக்கப்பல் உட்பட மற்றவை யாவும் மகனைச் சேரும் என்றும் அதில் எழுதியிருந்தது. டீலியா மூன்று தட்டுக்கும் கேட்கப் பாடினாள். மோர்த்தா அடுக்களையில் உட்கார்ந்து அத்தாளை நான்குமுறை படித்தாள். வென்றவளுக்கு வரவேண்டிய மகிழ்ச்சி வராமல், இவ்வளவுக்கு ஏன் இவ்வளவு என்ற பழைய எரிச்சலே வந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே பொய் சொன்னானே என்று தம்பிமேல் அவள் நெஞ்சு கரிந்துகொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை பிற்பகலில் காசிஸ் வந்தான். முன்படி வழியாக வராமல், சிறுவயதில் வருவதுபோல் பின்படி வழியாக ஏறி, தாழ்வாரத்துக் கதவைத் தட்டாமலே தள்ளினான். தள்ளியபின்தான் தட்டியிருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கவேண்டும், அங்கேயே நின்றான்.

"கப்பல எடுத்துட்டுப் போக வந்தேன்."

"எடுத்துக்கோ. சாவிய மட்டும் கழட்டி வச்சிட்டுப் போ."

அவன் நாற்காலியிட்டு ஏறி, பாய்மரத்திலிருந்து திறவுகோல்களை ஒவ்வொன்றாய்க் கழற்றி மேசைமேல் வைத்து, கப்பலை இறக்கி, சட்டைக்கையால் துடைத்தான். துடைக்கும் முறையைக் கண்டு அவளுக்கு மேலும் சினம் மூண்டது.

"இப்ப எதுக்குடா அதக் கொஞ்சுற? கோர்ட்டுல அவ்வளவு பொய் சொன்னியே, நாக்கு கூசலையா?"

"வீடு வேணும்னு கேட்டேன்க்கா. எனக்கு வேணும், கேட்டேன். அது பேராசைன்னா பேராசைன்னு சொல்லு. கட்டடம் கட்டடம்னு நின்னதுக்கு என்னைச் செருப்பால அடி. ஆனா இத முத்தட்டுன்னது பொய்யில்ல."

"யாரு சொன்னா இத முத்தட்டுன்னு?"

"அப்பாதான். வேற யாரு?" அவன் கப்பலின் அடியைக் கவிழ்த்து, இழைத்த வழவழப்பை விரலால் தடவினான். "நீ ஆலைக்குப் போக ஆரம்பிச்ச வருசம். எனக்கு ஒம்பது வயசு. நீ வேலையில இருப்ப. அம்மா சட்டை தச்சுக்கிட்டு மேல இருப்பா. நானும் அவரும் கீழ நெலவறையில. அவரு செதுக்குவாரு, நான் தேய்ப்பேன். 'பாரு காசிஸ், நம்ம முத்தட்டு தண்ணில போகப்போவுது'ன்னு சொல்லுவாரு. ஒரு நாளா ரெண்டு நாளா? அந்தக் குளிர்காலம் பூரா. இதுக்கு அவரு வேற பேரே சொன்னதில்ல."

"நீ ஏன் இதக் கோர்ட்டுல சொல்லல?"

"தேயர்தான் வேணாம்னாரு. பெத்த பிள்ள சொல்றத எவன் நம்புவான், அகராதி போதும்னாரு." அவன் கசப்பாகச் சிரித்தான். "நீ நம்பியிருப்பியா?"

நம்பியிருக்கமாட்டாள். அதை அவளும் அறிவாள். ஆகையால் அடுப்பருகே திரும்பி நின்றாள். திரும்பிய கண்ணுக்கு நேரே வெறுமையான பலகை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில்தான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. விழுந்த முதல் ஆண்டு, தந்தையின் கட்டில் இந்த அடுக்களையிலேயே, அடுப்பின் வெம்மைக்காக, எதிர்ச்சுவர் ஓரம் கிடந்தது. அங்கே கிடந்தபடி இடக்கையைத் தூக்கி மேலே மேலே காட்டி, "முத்தட்டு... மோர்த்தா... முத்தட்டு" என்று அவர் ஒரு திங்கள் முழுதும் அரற்றினார். வீட்டின் கூரை ஒழுகுவதைச் சொல்கிறார் என்று எண்ணி, "சரிப்பா, மாத்திடறேன்பா" என்று அவர் கையைப் பிடித்து வாக்களித்து, ஆளை வைத்துக் கூரை முழுதும் பலகை மாற்றினாள். மாற்றியபின்னும் அவர் கைகாட்டுவதை நிறுத்தவில்லை. நோயாளியின் பிடிவாதம் என்று அவள் கட்டிலை உள்ளறைக்கு மாற்றிப் போட்டாள். அங்கிருந்து சாளரம் தெரியாது. அதன்பின் அவர் கைகாட்டவும் இல்லை.

"காசிஸ்," என்றாள், குரல் அவளுடையதுபோல் இல்லை. "அப்பா எத நெனச்சுடா எழுதினாரு?"

அவன் கதவருகே போயிருந்தான். கப்பல் அவன் இருகையிலும் குறுக்காகக் கிடந்தது. அக்காளின் முகத்தைப் பார்த்தான். சொல்லால் அவளை அடிக்க வேண்டுமென்றுதான் வாயெடுத்தான் போலும். எடுத்தபின் அவனுக்கும் அது ஆகவில்லை.

"எனக்கு எப்படித் தெரியும்க்கா? ரெண்டுல ஒண்ணு. ஆறு வருசம் பாத்தவ நீ. உனக்குத் தெரியலன்னா யாருக்குத் தெரியும்?"

"வேணும்னா..." என்று அவள் தொடங்கி, எதை வேண்டுமென்று சொல்வது என்று அறியாமல் நின்றுவிட்டாள். கப்பலை வைத்துவிட்டுப் போ என்றால், தந்தை தனக்குத் தந்தது கப்பல் என்று ஒப்புக்கொள்வதாகும். அப்படியாயின் நிற்கும் தரை தன்னதன்று. எடுத்துக்கொண்டு போ என்றால், தந்தை ஒரு திங்கள் கைநீட்டிக் கொடுத்ததைத் தன் வாயாலேயே தள்ளிவிடுவதாகும். காசிஸ் கப்பலை மார்போடு அணைத்துக்கொண்டான். பின் குறுகிய படியில் பாய்மரம் சுவரில் உரசாதபடி பக்கவாட்டில் திரும்பித் திரும்பி இறங்கிப்போனான். கீழ்க்கதவு சாத்தும் ஓசை மூன்று தட்டுக்கும் கேட்டது.

சித்திரை வெயில் ஏறிக் குன்றில் சேறு உலர்ந்தது. ஒருநாள் நகராட்சியின் நீரளவை எழுதும் ஆள் படியில் நின்று, "இந்த முத்தட்டு யாருதும்மா?" என்று மேலே பார்த்துக் கூவினான். துணிக்கொடியை இழுத்துக்கொண்டிருந்த மோர்த்தா தாழ்வாரத்துக் கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். நாவின் நுனிவரை வந்த சொல்லை அவள் விழுங்கினாள். "இந்த வீடா? என்னுதுதான்," என்றாள்.

மேலே டீலியாவின் தலை நீண்டது. "என்னடி இது, கொஞ்ச நாளாப் பாக்கறேன், வீடு வீடுங்கற? மேக்குப்பக்கத்துக்காரி ஆயிட்டியா? இதுக்காகவா நான் கோர்ட்டுல தொண்டை கிழியக் கத்தினேன்?"

மோர்த்தா ஈரச்சட்டையை உதறிக் கொடியில் மாட்டினாள். அன்றும் அதன்பின் வந்த ஆண்டுகளிலும், அக்குன்றில் பால்காரனும் அஞ்சல்காரனும் மணம்பேச வந்தவரும் பிணமெடுக்க வந்தவரும் ஒருநாளைக்கு நூறுமுறை சொன்ன அச்சொல்லுக்கு இன்னதே பொருள் என்று நாட்டின் மன்றமே எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்த தாள் அவள் பேழையில் இருந்தது. அவள் அதை எடுத்துப் பார்த்ததும் இல்லை, எரித்ததும் இல்லை. குன்றத்தார் அனைவரும் பொருளறிந்து சொன்னார்கள். சொல்லுக்கு உரிமை பெற்ற அவள் ஒருத்தி மட்டும் சாகும்வரை அதைச் சொல்லவே இல்லை.